போன் தவறான இடத்தைக் காட்டினால்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கூப்பிட்ட வண்டி பின்தெருவில் போய் நிற்கிறது. வானிலைச் செயலி வேறு ஊர் மழையைச் சொல்கிறது. வீட்டில் உட்கார்ந்திருப்பவரை மேப் போன வருஷம் காலி செய்த வீட்டில் காட்டுகிறது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில்தான் என்னிடம் சொல்வார்கள்: "ஜிபிஎஸ் போயிடுச்சு." கையில் வாங்கிப் பார்த்தால் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் நன்றாகவே இருக்கும்.

போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு வழிகளைப் பயன்படுத்துகிறது: செயற்கைக்கோள் (ஜிபிஎஸ் என்பது இதுதான்), சுற்றியிருக்கும் வைஃபை ரவுட்டர்கள், மொபைல் டவர், இணைய இணைப்பின் ஐபி முகவரி (இணையத்தில் அந்த இணைப்பை அடையாளம் காட்டும் எண்). ஒவ்வொரு வழியும் தவறும்போது தவறின் அளவும் விதமும் வேறாக இருக்கும். அதனால் எந்த செட்டிங்ஸையும் தொடுவதற்கு முன் மூன்று விஷயத்தைப் பார்த்து வையுங்கள்.

ஒன்று, தவறு ஒரு செயலியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் செயலியின் அனுமதியோ அமைப்போதான் காரணம். போனை ரீசெட் செய்யும் பேச்சே வேண்டாம்.

இரண்டு, எவ்வளவு தூரம் தவறு? சில பத்து மீட்டரா, ஓரிரு கிலோமீட்டரா, வேறு ஊரா?

மூன்று, மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றித் தெரியும் வெளிர்நீல வட்டம் எவ்வளவு பெரியது? 'இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறேன், இதற்கு மேல் எனக்குத் தெரியாது' என்று போன் ஒப்புக்கொள்ளும் அளவு அது. புள்ளி தள்ளி இருந்தாலும் நீங்கள் நிற்கும் இடம் வட்டத்துக்குள் இருந்தால், போனுக்குத் தகவல் போதவில்லை என்று பொருள். வட்டம் சின்னதாக, புள்ளி உறுதியாக வேறெங்கோ இருந்தால் போனுக்குத் தவறான தகவல் போயிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

## எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

இதைச் செய்துவிட்டால் கீழே உள்ளவற்றில் பாதியைத் தாண்டிவிடலாம்.

மேப் செயலியில் உங்கள் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வையுங்கள். திறந்த வெளிக்கு வாருங்கள். மொட்டைமாடி, மைதானம் எதுவானாலும் சரி, தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும். ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்கின்றனவா என்று செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். இப்போது போனுக்கு மிச்சமிருப்பது செயற்கைக்கோள் மட்டும்.

ஏரோபிளேன் மோடில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, அங்கிருந்து வருவதைக் கேட்க மட்டும் செய்கிறது. ஆகவே இன்றைய போன்களில் தாராளமாக வேலை செய்யும். பொறுமை மட்டும் வேண்டும். வழக்கமாகச் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தைப் போன் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாதபோது அந்த விவரத்தையும் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டுப் பெற வேண்டும். ஒரு செயற்கைக்கோள் அதைத் திரும்பத் திரும்ப 30 விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. நடுவில் சிக்னல் விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இப்படி நான்கு செயற்கைக்கோளாவது கிடைத்தால்தான் இடம் சரியாகத் தெரியும். எனவே சில நிமிடங்கள் போனை அசைக்காமல் வையுங்கள்.

புள்ளி நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டதா? ஜிபிஎஸ் பாகம் நலம். கோளாறு வைஃபை, டவர், ஐபி, அனுமதி இவற்றில் ஒன்று. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியும் வரவில்லையா? 'திறந்த வெளியிலும் இடமே கிடைக்கவில்லை' என்ற தலைப்புக்கு நேராகப் போங்கள்.

## அறிகுறி: பக்கத்துத் தெரு, எதிர்க் கட்டடம் (20 முதல் 100 மீட்டர் வரை தவறு)

திறந்த வெளியில் சாதாரண ஸ்மார்ட்போனின் துல்லியம் ஏறத்தாழ 5 மீட்டர். அதற்குள் இருக்கும் தவறைச் சரிசெய்ய முயல வேண்டாம். அது கோளாறே இல்லை.

கட்டடங்களுக்கு நடுவில் மட்டும் வருகிறதா? உயரமான கட்டடங்கள் இருக்கும் தெருவில் சிக்னல் நேராக வராமல் சுவரில், கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். அது சுற்றி வந்தது என்று போனுக்குத் தெரியாது. வெறும் 100 நானோவிநாடி தாமதம் 30 மீட்டர் கூடுதல் தூரமாகக் கணக்கில் ஏறிவிடும். புள்ளி எதிர்ச் சாரியில் போய் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தெருமுனைக்கோ சந்திப்புக்கோ நடந்து போய்ப் பாருங்கள். சரியாகிவிட்டால் போனில் கோளாறு இல்லை. வண்டிக்குக் காத்திருக்கும்போது சுவரை ஒட்டி நிற்காமல் நாலடி தள்ளி நின்றாலே பல சமயம் புள்ளி சாலைக்கு வந்துவிடும்.

வைஃபை அணைந்திருக்கிறதா? பேட்டரி மிச்சம் என்று அணைத்து வைப்பவர்கள் நிறையப் பேர். நெரிசலான இடத்திலும் கட்டடத்துக்குள்ளும் போன் பெரிதும் நம்புவது சுற்றியுள்ள ரவுட்டர்களைத்தான். எந்த ரவுட்டருடனும் இணைய வேண்டியதில்லை, வைஃபை திறந்திருந்தால் போதும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், லொக்கேஷன், லொக்கேஷன் சர்வீசஸ் என்று போய், 'கூகுள் லொக்கேஷன் அக்யூரசி', 'வைஃபை ஸ்கேனிங்' இரண்டும் இயக்கத்தில் இருக்கின்றனவா பாருங்கள். மெனுவின் பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் லொக்கேஷன் என்று அடித்தால் கிடைத்துவிடும்.

உறை. உலோகத் தகடு வைத்த உறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். ஒரு நிமிட வேலை.

இவை எதிலும் தீரவில்லை, அதே இடத்தில் வேறு போன் சரியாகக் காட்டுகிறது என்றால் இரண்டு போனுக்கும் நடுவே தலைமுறை வித்தியாசம் இருக்கலாம். 2018-இல் வந்த ஷாவ்மி மி 8 தொடங்கி, செயற்கைக்கோளின் இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் போன்கள் வர ஆரம்பித்தன. ஐபோனில் 2022-இன் 14 ப்ரோவில் வந்தது. பட்டுத் திரும்பிய சிக்னலைப் பிரித்தறிவதில் இவை ஒற்றை அலைவரிசைப் போன்களைவிடத் தேறியவை. பழைய போனை எந்த செட்டிங்ஸும் இந்த அளவுக்குக் கொண்டுவராது. இதற்காக மட்டும் புதுப் போன் வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். வண்டி ஓட்டியோ டெலிவரி செய்தோ பிழைப்பவர் என்றால் அடுத்த போன் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

## அறிகுறி: ஓரிரு கிலோமீட்டர் தள்ளி, பெரிய வட்டத்தோடு

ஒரு செயலியில் மட்டும் என்றால் ஏறக்குறைய எப்போதும் காரணம் ஒன்றுதான்: அந்தச் செயலிக்குத் துல்லியமான இடத்தைத் தர அனுமதி இல்லை. ஐஓஎஸ் 14 (2020), ஆண்ட்ராய்டு 12 (2021) முதல், 'தோராயமான இடம் மட்டும்' என்று ஒரு தேர்வு வந்திருக்கிறது. முதல்முறை செயலி கேட்கும்போது அவசரத்தில் அதை அழுத்திவிட்டால், அதற்குப் பிறகு போன் வேண்டுமென்றே மங்கலான இடத்தைத்தான் தரும். ஆண்ட்ராய்டில் அது சில சதுர கிலோமீட்டர்ப் பரப்பு.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தச் செயலி, பர்மிஷன்ஸ், லொக்கேஷன் என்று போய் 'யூஸ் பிரிசைஸ் லொக்கேஷன்' என்பதைப் போடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொக்கேஷன் சர்வீசஸ், அந்தச் செயலி, 'பிரிசைஸ் லொக்கேஷன்'. வழிகாட்டும் செயலிக்கும் வண்டி கூப்பிடும் செயலிக்கும் இது தேவை. வானிலை, செய்தி, கடைச் செயலிகளுக்குத் தேவையே இல்லை. அவற்றைத் தோராயத்திலேயே விட்டுவையுங்கள். நீங்கள் எந்த வீட்டில் தூங்குகிறீர்கள் என்று ஒரு வானிலைச் செயலி தெரிந்துகொண்டு ஆகப்போவது என்ன?

எல்லாச் செயலியிலும் என்றால் போன் டவரை மட்டும் வைத்துச் சொல்கிறது. டவர்வழி கிடைக்கும் இடம் சில நூறு மீட்டரிலிருந்து, டவர்கள் தூரதூரமாக இருக்கும் பகுதியில் சில கிலோமீட்டர் வரை தவறும். லொக்கேஷன் இயக்கத்தில் இருக்கிறதா, பேட்டரி சேவர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடித்தளத்தில், லிஃப்டில், கான்கிரீட் அறையின் நடுவில் இருந்தால் ஜன்னலோரம் வந்து காத்திருங்கள். அதுவும் உதவவில்லையென்றால் மேலே சொன்ன ஏரோபிளேன் மோடு சோதனை.

## அறிகுறி: வேறு ஊர், வேறு நாடு

இங்கே வட்டத்தின் அளவுதான் வழி காட்டும்.

இணையதளங்களில் மட்டும் வேறு ஊர், மேப்பில் சரி. அந்தத் தளத்துக்கு உங்கள் லொக்கேஷன் போகவில்லை, ஐபி முகவரியை வைத்து ஊகிக்கிறது. மொபைல் டேட்டா பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறொரு நகரத்தின் வழியாக இணையத்தில் சேரலாம். தளம் அந்த நகரத்தைச் சொல்லும். வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கும்போது டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டுக்கே போய் அங்கிருந்து வெளியேறும், அதனால் நீங்கள் ஊரிலேயே இருப்பதாகக் காட்டும். கூகுள் தேடல் பக்கத்தின் அடியில் உங்கள் பகுதியின் பெயரும், அது ஐபி முகவரியிலிருந்து கிடைத்ததா, போனிலிருந்து கிடைத்ததா என்ற குறிப்பும் இருக்கும். ஐபி என்று இருந்தால் பிரவுசருக்கு லொக்கேஷன் அனுமதி கொடுங்கள், பிறகு அந்தத் தளத்துக்கும் தனியாகக் கொடுங்கள். இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு ஏன் மாறவில்லை என்று குழம்புபவர்கள் அதிகம்.

விபிஎன் (இணைய இணைப்பை வேறோர் இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஓடுகிறதா? அணைத்துப் பாருங்கள். விபிஎன் மாற்றுவது ஐபியை மட்டும். ஜிபிஎஸ் இடத்தை அது மாற்றாது. மேப் சரியாக இருந்து, படம் பார்க்கும் செயலியோ வங்கிச் செயலியோ வேறு நாடு என்று முரண்டு பிடித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஐபோனில் ஐபியை மறைக்கும் ஐக்ளவுட் பிரைவேட் ரிலே வசதியைப் போட்டிருந்தால், அதன் ஐபி அமைப்பில் 'பொதுவான இடத்தைத் தக்கவை' என்ற தேர்வும், நாடும் நேர மண்டலமும் மட்டும் என்ற தேர்வும் இருக்கும். இரண்டாவதில் இருந்தால் ஊர் மாறித் தெரிவது இயல்பு.

வீட்டு பிராட்பேண்டில் விபிஎன் எதுவும் இல்லாமலே எப்போதும் தவறான ஊர் வந்தால், ஐபி முகவரிகளையும் ஊர்களையும் இணைக்கும் தரவுத்தளத்தில் பிழை இருக்கிறது. போனில் செய்ய ஒன்றுமில்லை. இணைப்புத் தரும் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். ஐபி காட்டும் இடம் எவ்வளவு தூரம் வழிதவறும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 'நாடு மட்டும் தெரியும், ஊர் தெரியாது' என்ற ஐபி முகவரிகளுக்கெல்லாம் ஒரு தரவுத்தளம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை இட்டு வைத்திருந்தது. அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இணையக் குற்றங்களுக்காக அங்கிருந்தவர்களைத் தேடி வருஷக்கணக்காகப் போலீசும் கோபக்காரர்களும் வந்துகொண்டிருந்தார்கள். ஐபியிலிருந்து கிடைத்த புள்ளியை வீட்டு முகவரியாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேப்பிலேயே வேறு ஊர், வட்டமோ சின்னது. யாரோ பொய் இடத்தைத் திணித்திருக்கிறார்கள். விளையாட்டுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ இடம் மாற்றும் செயலி ஒன்று போனில் இருக்கக்கூடும். பிள்ளைகள் கைக்குப் போகும் போன்களில் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான மெனுவில் 'செலக்ட் மாக் லொக்கேஷன் ஆப்' என்ற வரியில் எந்தச் செயலியும் தேர்வாகியிருக்கக் கூடாது. இருந்தால் எடுத்துவிட்டு, அந்தச் செயலியையும் நீக்கிவிட்டு, போனை மீண்டும் தொடங்குங்கள்.

## அறிகுறி: வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் பழைய வீட்டைக் காட்டுகிறது

மக்களை மிகவும் குழப்புவது இதுதான். வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் பழைய முகவரி. 'யாரோ போனை ஹேக் செய்துவிட்டார்கள்' என்ற பயத்தோடு வருபவர்களும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. வீடு மாறும்போது ரவுட்டரையும் கூடவே எடுத்து வந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கூகுளும் ஆப்பிளும் ஒவ்வொரு ரவுட்டரின் அடையாள எண்ணும் எந்த இடத்தில் கேட்டது என்று, அந்த வழியாகப் போகும் போன்கள் மூலம் குறித்து வைத்திருக்கின்றன. அந்தக் குறிப்பில் உங்கள் ரவுட்டர் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறது. கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் மங்கிவிடும். போன் ரவுட்டரின் பேச்சை நம்பிவிடும். அக்கம்பக்கத்தில் நிறைய ரவுட்டர்கள் இருந்தால் பிழை தானே தெரிந்துவிடும். தனி வீடு, அதில் மூன்று பெட்டி வைத்த மெஷ் வைஃபை என்றால் நிலைமை மோசம்: மூன்று பெட்டியும் ஒன்றாகவே இடம் மாறியதால் மூன்று சாட்சியும் ஒரே பொய்யை ஒற்றுமையாகச் சொல்லும்.

உறுதிப்படுத்த, ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் கழித்து மேப்பைப் பாருங்கள். போனில் வைஃபையை அணைத்துச் சோதிப்பது அவ்வளவு நம்பகமானதல்ல. ஆண்ட்ராய்டில் வைஃபை ஸ்கேனிங் இயக்கத்தில் இருந்தால், வைஃபை அணைந்திருந்தாலும் போன் ரவுட்டர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். ஐபோனின் கன்ட்ரோல் சென்டரில் உள்ள பொத்தானும் இணைப்பைத்தான் துண்டிக்கும், வைஃபையை முழுதாக அணைக்காது.

ரவுட்டர்தான் காரணம் என்று தெரிந்தால் எளிய வழி காத்திருப்பது. புது இடத்தில் அந்த ரவுட்டர் கேட்கும் குறிப்புகள் சேரச்சேரப் பழையது மாறும். உடனே நடக்காது, நாட்களோ வாரங்களோ ஆகலாம். நீங்களும் உதவலாம்: லொக்கேஷன், வைஃபை இரண்டும் இயக்கத்தில் இருக்க, ரவுட்டர் சிக்னல் எட்டும் தூரத்தில் வாசலிலோ மாடியிலோ நின்று மேப்பைத் திறந்து வையுங்கள். வெளியே வந்து ஜிபிஎஸ் பிடித்த போன்கள் பக்கத்தில் இருப்பதுதான் குறிப்பு திருந்துவதற்கு வழி.

காத்திருக்க முடியாதவர்கள் ரவுட்டரின் வைஃபை பெயருக்கு இறுதியில் அடிக்கோடு இட்டு, ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'நோமேப்' என்று ஒரே சொல்லாகச் சேர்க்கலாம் (_nomap). இந்த ரவுட்டரை இடம் குறிக்கப் பயன்படுத்தாதே என்று கூகுள், ஆப்பிள் இரண்டுக்கும் சொல்லும் குறி அது. இதுவும் அந்த நிமிடமே பலிக்காது. பெயர் மாறுவதால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பழுது பார்ப்பவரிடம் போனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பணம் வீண்.

## அறிகுறி: ஒரு மணி நேரம் முன்பு இருந்த இடத்திலேயே புள்ளி நிற்கிறது

செயலி பழைய இடத்தை நினைவில் வைத்துக் காட்டுகிறது. முன்னால் திறந்து அரை நிமிடம் காத்திருந்தால் நகர்ந்துவிடுகிறதா? அப்படியானால் பின்னணியில் இடத்தை அறிய அதற்கு வழியில்லை.

அனுமதி 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று இருக்கலாம். நடைக்கணக்கு, குடும்பத்தாருக்கு இடம் பகிரும் செயலிகளுக்கு 'எப்போதும்' தேவைப்படும். பேட்டரி சேவர் இயங்கும்போது சில போன்களில் திரை அணைந்ததுமே லொக்கேஷனும் நின்றுவிடும். அப்புறம், போன் தயாரிப்பாளர்கள் சொந்தமாக வைக்கும் பேட்டரிக் கட்டுப்பாடு: செயலியின் பேட்டரிப் பக்கத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் கிடக்கும் சாதாரணச் செயலிக்கு மணிக்குச் சில தடவைதான் புது இடம் கிடைக்கும். அது வடிவமைப்பே. பகிர்ந்த புள்ளி பத்து நிமிடம் பழையது என்பதற்காக யாரையும் சந்தேகிக்காதீர்கள்.

வானிலைச் செயலி மட்டும் மாறவில்லையென்றால் அதில் ஓர் ஊரை நிரந்தரமாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

## அறிகுறி: வீட்டார் பார்க்கும்போது மட்டும் தவறு

உங்கள் போனில் புள்ளி சரி, அவர்கள் போனில் நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்கள். இடத்தைப் பகிர்வது உங்கள் கையில் இருக்கும் போன் அல்ல. வீட்டில் கிடக்கும் ஐபேடோ, அதே கணக்கு உள்ள பழைய போனோ பகிர்கிறது. ஐபோனில் ஃபைண்ட் மை செயலியைத் திறந்து 'மீ' பகுதியில் 'யூஸ் திஸ் ஐபோன் ஆஸ் மை லொக்கேஷன்' என்பதை அழுத்தினால் முடிந்தது. ஆண்ட்ராய்டில் பழைய போனில் பகிர்வை நிறுத்திவிட்டு, புதிய போனிலிருந்து மறுபடி பகிருங்கள்.

தொலைந்த போனைத் தேடுவோருக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புள்ளி ஒரு வீட்டின் மேல் நிற்கிறது என்பதால் போன் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று ஆகாது. வட்டத்துக்குள் எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனையும் சமம். கடைசியாகக் கிடைத்த இடம் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புள்ளியை நம்பி அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டைக்குப் போவது உங்களுக்கும் ஆபத்து, அவர்களுக்கும் அநியாயம். ஒலியெழுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். திருட்டு என்றால் போலீசிடம் கொடுங்கள்.

## அறிகுறி: புள்ளி சரி, திசை தவறு

நடக்க ஆரம்பித்தால் எதிர்த்திசையில் போகிறீர்கள். இது லொக்கேஷன் கோளாறு இல்லை, போனுக்குள் இருக்கும் திசைகாட்டி குழம்பியிருக்கிறது. காந்தம் வைத்த உறை, காரில் ஒட்டும் காந்தப் பிடிப்பான் இரண்டையும் விலக்குங்கள். (காந்தம் ஜிபிஎஸைக் கெடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை, அது திசைகாட்டியை மட்டும்தான் கெடுக்கும்.) பிறகு போனை எட்டு வடிவத்தில் சிலமுறை சுழற்றுங்கள். கூகுள் மேப்ஸில் நீலப் புள்ளியைத் தொட்டு 'கேலிப்ரேட்' கொடுத்தால், கேமராவில் சுற்றியுள்ள கட்டடங்களைப் பார்த்தும் திசையைச் சரிசெய்துகொள்ளும். ஐபோனில் லொக்கேஷன் சர்வீசஸுக்குள் சிஸ்டம் சர்வீசஸில் 'காம்பஸ் கேலிப்ரேஷன்' இயக்கத்தில் இருக்க வேண்டும்.

இரும்புப் பாலத்தின் மேல், காருக்குள் நின்று சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

## அறிகுறி: வண்டி ஓட்டும்போது புள்ளி தாவுகிறது

மேம்பாலத்தின் மேல் போகும்போது கீழ்ச்சாலையில் காட்டுவதற்கு போன் பொறுப்பல்ல. வழிகாட்டும் செயலி புள்ளியை ஏதாவது ஒரு சாலையில் ஒட்டவைக்கப் பார்க்கும். இரண்டு சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் தவறானதில் ஒட்டிவிடும். பிரியும் இடம் தாண்டியதும் திருந்தும். அதுவரை சாலைப் பலகையை நம்புங்கள்.

சுரங்கத்துக்குள் சிக்னல் கிடையாது. செயலி பழைய வேகத்தை வைத்து ஊகித்து நகர்த்துகிறது. சில நகரச் சுரங்கங்களில் புளூடூத் பீக்கன் (போனுக்கு இடத்தைச் சொல்லும் சிறு கருவி) பொருத்தியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கூகுள் மேப்ஸின் நேவிகேஷன் அமைப்பில் அதற்கான தேர்வைப் போட்டுவைக்கலாம்.

எல்லாச் சாலையிலும் தாவினால் போனை வைக்கும் இடத்தைப் பாருங்கள். கப் வைக்கும் குழியில், இருக்கைக்கு அடியில் வைக்காமல் கண்ணாடியோரம் வையுங்கள். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுக் கொடுத்த முன்கண்ணாடி சிக்னலை நன்றாகவே மட்டுப்படுத்தும். அந்த வண்டியில் மட்டும் தகராறு, இறங்கினால் சரி என்றால் காரணம் கண்ணாடி.

## அறிகுறி: புள்ளி சரி, முகவரி தவறு

புள்ளியை முகவரியாக மாற்றும் தரவில் பிழை. கதவு எண்ணும் தெருப் பெயரும் மேப்பில் தவறாகப் பதிவாகியிருக்கும். மேப்பிலேயே திருத்தம் அனுப்புங்கள். அது ஏறும்வரை, வருபவர்களுக்கு முகவரியை அனுப்பாமல் புள்ளியை அனுப்புங்கள்.

சீனாவில் இருப்பவர்களுக்கு வேறொரு சேதி: அங்கே மேப்புகள், இடங்களைக் குறிக்கக் கட்டாயமாக்கப்பட்ட வேறொரு முறையில் இயங்குவதால், அதற்கேற்ப அமையாத மேப்பில் புள்ளி சில நூறு மீட்டர் விலகித் தெரியும். போனைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கத்திய மேப்பைப் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி: ஒரு பகுதியில் எல்லாருடைய போனும் ஒன்றாகத் தவறுகிறது

உங்களுடையது, பக்கத்தில் நிற்பவருடையது, காரில் பொருத்தியது எல்லாமே ஒரே நேரத்தில் இடம் தெரியாமல் தவித்தாலோ, எல்லாமே ஒரே அந்நிய இடத்தைக் காட்டினாலோ, அந்தப் பகுதியில் சிக்னலை யாரோ அடைக்கிறார்கள் அல்லது போலிச் சிக்னல் அனுப்புகிறார்கள். 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது, சின்னக் கருவியே அதை மூழ்கடித்துவிடும். 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த கப்பல்களுக்குத் தாங்கள் ரஷ்யாவின் கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் கருவிகள் காட்டின. போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகில் இது இன்று அடிக்கடி நடக்கிறது. உங்களால் செய்யக்கூடியது, அந்தப் பகுதியைத் தாண்டும்வரை வழியைக் கண்ணால் பார்த்துப் போவதுதான்.

## அறிகுறி: திறந்த வெளியிலும் இடமே கிடைக்கவில்லை

ஏரோபிளேன் மோடு சோதனையில் தோற்ற போன்கள் இங்கே வருகின்றன. செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

போனை அணைத்து மீண்டும் தொடங்குங்கள். தேதி, நேரம் தானாக அமையும்படி வையுங்கள். அப்டேட் இருந்தால் போடுங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் 'ஜிபிஎஸ் டெஸ்ட்' போன்ற ஒரு செயலியை இறக்கி, திறந்த வெளியில் செயற்கைக்கோள் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிக்னல் வலிமை எண் இருக்கும். பல செயற்கைக்கோள்கள் 30-க்கு மேல், சில 40-ஐத் தொட்டால் ஆன்டெனா நலம்; கோளாறு மென்பொருளில். எல்லாமே 20-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது பட்டியலே காலி என்றால், ஆன்டெனாவுக்கும் போர்டுக்கும் நடுவில் ஏதோ விட்டிருக்கிறது. ஐபோனில் செயலிகளுக்கு இந்த எண்கள் கிடைப்பதில்லை. அங்கே ஏரோபிளேன் மோடு சோதனைதான் அளவுகோல்.

மென்பொருள் என்று தெரிந்தால், ஐபோனில் ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட், ரீசெட் என்று போய் 'ரீசெட் லொக்கேஷன் அண்ட் பிரைவசி'. இதில் படங்களோ தகவல்களோ போகாது, செயலிகள் அனுமதியை மறுபடி கேட்கும், அவ்வளவே. ஆண்ட்ராய்டில் சேஃப் மோடில் தொடங்கிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பிறகு நிறுவிய ஏதோவொரு செயலி இடைஞ்சல் செய்கிறது. நெட்வொர்க் அமைப்புகளை ரீசெட் செய்வது அடுத்த படி. சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழு ஃபேக்டரி ரீசெட் கடைசி. சிக்னல் எண்களே குறைவாக இருக்கும் போனுக்கு அதைச் செய்து எல்லாவற்றையும் இழக்காதீர்கள், எதுவும் மாறாது.

எப்போது பழுது பார்ப்பவரிடம் போவது? போன் கீழே விழுந்த பிறகு, தண்ணீர் பட்ட பிறகு, திரையோ பேட்டரியோ பின்மூடியோ மாற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால் மேலே உள்ள ரீசெட் எதையும் செய்ய வேண்டாம், நேராகப் போங்கள். பல போன்களில் ஆன்டெனா சட்டத்திலோ பின்பக்கத்திலோ இருக்கும். சிறிய உலோகத் தொடுமுனைகளும் திருகுகளும்தான் அதைப் போர்டுடன் இணைக்கின்றன. திறந்து மூடும்போது ஒரு திருகு விடுபட்டாலோ ஒரு முனை வளைந்தாலோ ஜிபிஎஸ் மட்டும் செத்துவிடும், மற்றதெல்லாம் ஓடும். சமீபத்தில் வேறு பழுதுக்குத் திறந்த போன் என்றால், திறந்த அதே இடத்துக்கே கொண்டுபோய் ஆன்டெனா இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அவர்கள் பொறுப்பு.

போகும்போது "ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். திறந்த வெளியில் ஏரோபிளேன் மோடில் எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், எத்தனை செயற்கைக்கோள் தெரிந்தது, சிக்னல் எண் எவ்வளவு, எப்போதிலிருந்து இப்படி என்று சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுங்கள். இணைப்பைச் சரிசெய்வது சின்ன வேலை. போர்டிலேயே கோளாறு என்று சொன்னால் செலவைக் கேட்டுவிட்டு, போனின் வயதையும் பார்த்து முடிவெடுங்கள். வாங்கிக்கொண்டு வருவதற்கு முன் கடைக்கு வெளியே, வானத்துக்குக் கீழே நின்று, வைஃபையை அணைத்து, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். கடைக்குள் காட்டும் நீலப் புள்ளி அவர்களுடைய ரவுட்டரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.